பகவதி இறங்கிப் போன வீடு

அக்கா,

இன்று காலை டெலிபோன் பூத்தைத் திறந்து, மேசையைத் துடைத்து, ஊதுபத்தி கொளுத்துவதற்குள் பொழியூர்க்காரி ஒருத்தி வந்து நின்றாள். மகன் கப்பலில் வேலை செய்கிறானாம். கப்பல் ஏதோ துறைமுகத்தில் நிற்கிறதாம், அங்கே கூப்பிட்டால் பேசலாம் என்று யாரோ எண் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கண்ணாடி அறைக்குள் போய் அவள் ஒவ்வொரு எண்ணாக அழுத்த, வெளியே என் மேசை மீட்டரில் சிவப்பாக 0027 என்று உங்கள் நாட்டு எண் விழுந்தது. அதற்குப் பின்னால் வர வேண்டிய எண்கள் எனக்கு மனப்பாடம். அவை வரவில்லை. வேறு எண்கள் வந்தன. அவளிடம் பில்லைக் கிழித்துக் கொடுத்து மீதிச் சில்லறை கொடுக்க மறந்துபோனேன். அவள் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

நீங்கள் கண்ணை மூடி ஒரு வருடம் ஆகப்போகிறது. உங்கள் வீட்டுக்காரருடைய தம்பி மகள்தான் கூப்பிட்டுச் சொன்னாள். அவளுக்குத் தமிழ் வராது, எனக்கு அவள் பேசிய ஆங்கிலத்தில் பாதி பிடிபடவில்லை. ஆனால் அந்தச் செய்திக்கு மொழி அதிகம் தேவைப்படவில்லை. அன்றைக்கும் பூத்தைச் சாத்த முடியவில்லை, அக்கா. வளைகுடாவிலிருந்து கூப்பிடுகிறவர்களுக்காக ஐந்தாறு பெண்கள் பெஞ்சில் காத்திருந்தார்கள். ஊர்க்காரர்கள் கடலுக்கு அக்கரையில் இருப்பதால்தான் என் அடுப்பு எரிகிறது. என் வீட்டுக்காரரும் சவூதியில் இருப்பவர்தான். அதனால் அக்கரையிலிருந்து வருகிற அழுகையும் சிரிப்பும் எனக்குப் புதிதில்லை. ஆனாலும் அன்றைக்கு வந்த அந்த அழைப்பைத் தாங்கிக்கொள்ள எனக்குத் தெரியவில்லை.

முதல் முறை நீங்கள் வந்தது நன்றாக ஓர்மை இருக்கிறது. வெள்ளைக் கான்வாஸ் ஷூ, சேலைக்கு மேல் ஒரு துணித் தொப்பி, தோளில் பை. பாறசாலை முக்கில் நின்றவர்கள் எல்லோரும் உங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். நீங்களோ நேரே என் பூத்துக்குள் வந்து, "தங்கச்சி, நம்ம ஊருக்குப் பேசணும்" என்றீர்கள். நம்ம ஊர் எது என்று கேட்டேன். டர்பன் என்றீர்கள். நான் சிரித்துவிட்டேன். பேசி முடித்து வெளியே வந்து, விசிறிக்கு நேராக உட்கார்ந்து, "இதுவும் நம்ம ஊருதான். ஆனா ஒருத்தரையும் தெரியாது" என்றபோது என் சிரிப்பு நின்றுவிட்டது. உங்கள் நாட்டில் ஆட்சி மாறி, இங்கே வர வழி திறந்த உடனே டிக்கெட் எடுத்து வந்திருந்தீர்கள். அதற்குள் எழுபது வயது ஆகிவிட்டிருந்தது.

பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினீர்கள். சென்னையிலிருந்து புறப்பட்ட ஒரு கப்பலின் ஆள் பதிவிலிருந்து எடுத்த நகல். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாகப் போனவர்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. அதில் ஒரு வரிக்கு மட்டும் பென்சிலால் மெல்லிசாகக் கோடு போட்டிருந்தீர்கள். பெயர் பகவதி. தகப்பன் பெயர் நீலகண்டன். வயது இருபது. கூட வந்தவர்கள் என்ற இடம் காலி. ஊர் பாறசாலை, தாலுகா நெய்யாற்றின்கரை. கடைசியாக உடல் அடையாளம்: இடது காலில் தீப்பட்ட வடு.

"எங்க அம்மாவைப் பெத்தவ" என்றீர்கள்.

அந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்க நீங்கள் பட்ட பாட்டைப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னீர்கள். பகவதி செத்தபோது உங்கள் அம்மா சிறுபிள்ளை. தன் ஊரைப் பற்றி மகளிடம் ஒன்றும் சொல்லாமலேயே பகவதி போய்விட்டாள். அவள் பெயரும் தோட்டத்தில் அவளுக்குக் கொடுத்திருந்த எண்ணும் மட்டும் அம்மாவுக்குத் தெரியும், அதிலும் எண்ணின் கடைசி இலக்கத்தில் சந்தேகம். தையல் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, பழைய கப்பல் பதிவுகள் இருக்கிற அலுவலகத்துக்குப் பஸ் ஏறிப் போய், ஒவ்வொரு கப்பலாகப் பார்த்திருக்கிறீர்கள். எண்ணைக் கொஞ்சம் மாற்றிப் பார்த்தால் அங்கே ஒரு ஆண் இருப்பான், இல்லாவிட்டால் வேறு ஜில்லாக்காரி இருப்பாள். பகவதி என்ற பெயரைப் பார்த்த அன்று அலுவலகத்தில் உரக்கக் கத்திவிட்டதாகவும் அங்கிருந்த வெள்ளைக்காரி ஓடி வந்து தண்ணீர் கொடுத்ததாகவும் சொன்னீர்கள்.

உங்களுக்கு வேண்டியிருந்தது பெரிதாக ஒன்றுமில்லை. "அவ பொறந்த வீட்டுல ஒரு நேரம் உட்காரணும். அவ்வளவுதான்" என்றீர்கள். நீங்கள் ஒரே மகள், உங்கள் அம்மாவும் ஒரே மகள், உங்களுக்குப் பிள்ளையில்லை. உங்களுக்குப் பின்னால் அந்த வீட்டைத் தேடி வர ஆள் கிடையாது. அதனால்தான் எழுபது வயதில் அந்த வெயிலில் அலைந்தீர்கள்.

எங்கள் பக்கத்து வீட்டு தாசனின் ஆட்டோவில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கிளம்பினோம். காகிதத்தைப் படித்துச் சொன்னதுமே அவன் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"எக்கோ, நீலகண்டன்னு செல்லி நின்னா இஞ்ச மூணு வீட்டுக்கு ஒரு நீலகண்டன் உண்டு. எந்த நீலகண்டன நான் கொண்டு காட்டுவேன்?"

எத்தனை வீட்டுப் படி ஏறினோம்! பாதிப் பேர் நாம் உட்காரும் முன்னாலேயே, "பாகம் கேட்டு வந்ததோ?" என்று சொத்துப் பங்கைப் பற்றித்தான் விசாரித்தார்கள். மீதிப் பேர் சாயா கொடுத்து, தென்னாப்பிரிக்காவில் பையனுக்கு வேலை கிடைக்குமா என்று கேட்டார்கள். நீங்கள் எல்லோருக்கும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னீர்கள். அந்த வருடம் வெறுங்கையோடு விமானம் ஏறினீர்கள். அடுத்த வருடம் மறுபடியும் வந்தீர்கள், அதே தொப்பி, அதே பை. என்னைப் பார்த்ததும், "கெடைச்சிடும் தங்கச்சி, எனக்குத் தெரியும்" என்றீர்கள். அவ்வளவு நம்பிக்கையை ஒரு மனிதர் முகத்தில் பார்த்து நான் பயந்தது அதுதான் முதல் தடவை.

இரண்டாவது வருடம்தான் தனுவச்சபுரத்துக்கு அப்பால் அந்த முதியவரைக் கண்டோம். கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் வழி சொல்லியிருந்தார். முதியவர் காகிதத்தைக் கையில் வாங்கவே இல்லை. காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "நீலகண்டன் எக்க அம்மைக்க அம்மாவனாக்கும். இந்த வீட்டு ஆளு" என்றார். நீங்கள் என் தோளைப் பிடித்துக்கொண்டீர்கள். அவர் நிறுத்தவில்லை.

"ஆனா அவருக்க மக்கள எங்களுக்கு எங்ஙன தெரியும் மக்கா? அவரு இஞ்ச உள்ள ஆளு. பிள்ளையளு அதுகளுக்க அம்ம வீட்டு ஆளாக்கும். அந்தக் காலத்துல அப்பனுக்க பேரக் கொண்டு வீடு தேடினா வீடு கிட்டுமா?"

நாம் இரண்டு வருடமாகச் செய்த தவறு அதுதான். மருமக்கத்தாயம் இருந்த குடும்பங்களில் பிள்ளை தாய் வீட்டுக்கு உரியது. தாயின் சகோதரனான அம்மாவன்தான் அதற்குப் பெரியவர், வீட்டுக்குக் காரணவர். தகப்பன் வந்து போகிற ஆள், அவன் வீட்டில் அவன் பிள்ளைக்குப் பாயும் கிடையாது, பங்கும் கிடையாது. எங்கள் தலைமுறையில் எல்லோருக்கும் அப்பன் வழிதான் என்று ஆகிவிட்டதால் எனக்கும் தாசனுக்கும் இது உறைக்கவே இல்லை. உங்களுக்கு எப்படி உறைக்கும்? துறைமுகத்தில் தகப்பன் பெயரைத்தான் கேட்டார்கள், பகவதி சொன்னாள், எழுதிக்கொண்டார்கள். தாயின் வீட்டை எழுத அந்தப் பதிவில் இடமே இல்லை.

நீலகண்டன் பெண்ணெடுத்த வீடு எது என்று கேட்டோம். "கெழக்க, வடக்கேவிளாகம்" என்றார் முதியவர். அம்பூரி பஸ் போகிற பாதையில், ரப்பர் தோட்டம் தொடங்குகிற இடம். பூத்திலிருந்து ஆட்டோவில் கொஞ்ச நேரம்தான். அந்த வாசல் வழியாக நாம் பலமுறை போயிருந்தோம்.

அன்றைக்கே போவோம் என்று நான் சொன்னேன். நீங்கள் கேட்கவில்லை. மறுநாள் குளித்து, புதுச் சேலை உடுத்தி, பாறசாலை முக்கில் பழமும் வெற்றிலையும் வாங்கி வந்தீர்கள். ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு என்னிடமிருந்து ரப்பர் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டீர்கள். பெண் பார்க்க வருகிற வீட்டில்கூட இப்படி ஒருத்தி பரபரப்பாக இருந்து நான் பார்த்ததில்லை. கேலி செய்தேன். நீங்கள் சிரிக்கக்கூட இல்லை.

வடக்கேவிளாகத்துக் கையாலைச் சுவரைத் தாண்டியதும் மரக்கதவு. உள்ளே முற்றத்தில் நெல்லிக்காய் காயப் போட்டிருந்தார்கள். தோளில் துவர்த்துத் துண்டுடன் காரணவர் வந்தார். எண்பதைத் தொட்டிருப்பார்.

"அப்பூப்பா, இவிய தென்னாப்பிரிக்காவுல இருந்து வாறாவ" என்றான் தாசன். "இவியளுக்க அம்மூம்மைக்க வீடு இதாக்கும்னு கேள்விப்பட்டு வந்ததாக்கும். கப்பலேறிப் போன ஆளு."

"பேரு?"

"பகவதி" என்றீர்கள் நீங்கள்.

அவர் கதவின் மேல் கையை வைத்தார். காகிதம் இன்னும் உங்கள் பையில்தான் இருந்தது. அதை நாம் எடுக்கவே இல்லை.

"எடது காலுல தீப்பட்ட வடு உண்டோ அவளுக்கு?"

நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் நெரிந்தது. "உண்டு, உண்டு" என்றீர்கள்.

"காவுல வெளக்கு வைக்கச்செல முண்டுல தீப்பிடிச்சதாக்கும். எக்க அம்ம சொல்லிக் கேட்டதுண்டு."

நூறு வருடத்துக்குப் பிறகு பகவதியைப் பற்றி நமக்குக் கிடைத்தது அந்த ஒரு செய்திதான். வீட்டுத் தோப்பிலிருந்த நாகர் காவில் விளக்கு வைக்கப் போன பெண்ணின் துணியில் தீப்பிடித்தது. உங்கள் முகம் அழுதுகொண்டே சிரித்தது. செருப்பைக் கழற்றினீர்கள். படியில் கால் வைக்கக் குனிந்தீர்கள்.

"கேறண்டாம்" என்றார் அவர்.

அவர் குரலில் கோபமில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. கோபமாக இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

"அவ எறங்கிப் போன பொறவு படியடச்சுப் பிண்டம் வச்சாச்சு. இந்த வீட்டுல அவ அண்ணைக்கே மரிச்சவ. பொறவு அவளுக்கு எங்ஙன பேத்தி வரும்?"

உங்களுக்குப் புரியவில்லை. நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லாமல் தப்பிக்க வழி தேடினேன், இல்லை. குடும்பத்தை மீறி வெளியே போனவர்களுக்கு, ஆள் உயிரோடு இருக்கும்போதே, வாசல் கதவைச் சாத்திவிட்டு இறந்தவர்களுக்கு வைப்பது போலச் சோற்றுருண்டை வைத்துக் கர்மம் முடித்துவிடுவது ஒரு பழைய வழக்கம். அதன்பிறகு அந்தப் பெயரை வீட்டில் சொல்ல மாட்டார்கள். பகவதி கப்பலில் உட்கார்ந்து அலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இங்கே அவளுக்குக் காரியம் நடந்து முடிந்திருந்தது.

"ஏன் போனாங்க?" என்று கேட்டீர்கள்.

அதற்குள் அவருடைய சகோதரி மகனான மருமகன் உள்ளேயிருந்து வந்தார். குடும்பச் சொத்து வழக்கு நெய்யாற்றின்கரைக் கோர்ட்டில் நடக்கிறது, அதற்கு அலைகிறவர் அவர்தான். அம்மாவனுக்குப் பிண்டம்தான் தெரியும், மருமகனுக்குச் சட்டம் தெரியும். தாய்வழியாக மகளுக்கு மகளாக வந்தவளுக்குப் பங்கு உண்டு என்பது உங்களைப் பார்த்த உடனே அவர் மனதில் ஓடியிருக்கும்.

"எந்தா உத்தேசம்? பாகமாணோ?" என்றார் மலையாளத்தில்.

"ஐயோ, பாகம் ஒண்ணும் வேணாம்பா" என்றீர்கள். "உள்ளகூட வரல. அந்தக் கெணத்துல ஒரு வாய் தண்ணி மட்டும் குடுங்க. குடிச்சிட்டுப் போயிடறேன்."

காரணவர் கிணற்றைத் திரும்பிப் பார்த்தார். அவர் கொடுத்துவிடுவார் என்றே நினைத்தேன். "குடுக்கப்பிடாது" என்றார். "குடுத்தா பிண்டம் வச்சது பொய்யாப்போவும்."

"முக்குல பைப்பு உண்டு" என்றார் மருமகன். கதவைச் சாத்திவிட்டார். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது.

எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகள் எல்லாவற்றையும் அந்தக் கதவைப் பார்த்துச் சொன்னேன். அந்த வீட்டு மருமகனின் தம்பியே துபாயில் இருப்பவன், அவன் அனுப்பிய பணத்தில்தான் அந்தக் கூரையில் புது ஓடு ஏறியிருந்தது. அவன் கடல் கடந்தபோது திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு ஜீப் பிடித்துக்கொண்டு போய் வழியனுப்பியவர்கள் இவர்கள். அதையும் சேர்த்துக் கத்தினேன். நீங்கள் என் வாயைப் பொத்தினீர்கள். "திட்டாதம்மா. பாட்டி வீடு" என்றீர்கள். பழத்தையும் வெற்றிலையையும் படியில் வைத்துவிட்டு வந்தீர்கள். ஆட்டோ திரும்பும்போது பார்த்தேன், யாரோ அதைக் காலால் தள்ளி வெளியே விட்டிருந்தார்கள். நல்லவேளை நீங்கள் பார்க்கவில்லை. பார்த்துவிட்டு எனக்காகச் சொல்லாமல் இருந்தீர்களோ, எனக்குத் தெரியாது.

பாறசாலை ஸ்டேஷன் பக்கம் வந்தபோதுதான், "அவ அன்னிக்கே செத்துட்டான்னா எங்க அம்மாவ யாரு பெத்தது? என்னை யாரு?" என்றீர்கள். கேள்வி என்னிடம் இல்லை. தாசன் கண்ணாடியில் உங்களைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அன்று மத்தியானம் உங்களுக்குச் சோறு போட்டேன். ஒரு பருக்கை இறங்கவில்லை.

ஊருக்குப் போன பிறகு மாதத்துக்கு ஒருமுறை கூப்பிட்டீர்கள். முதலில் சுகம் விசாரிப்பீர்கள், பிறகு பகவதியிடம் வந்துவிடுவீர்கள். சில மாதங்களில் பேச்சு வேறு மாதிரி போகத் தொடங்கியது. "அம்மாவுக்குக் கடைசி நம்பர்ல சந்தேகம் இருந்துச்சே தங்கச்சி. நான்தான் அவசரப்பட்டு இந்தப் பகவதியப் பிடிச்சுக்கிட்டேன். வேற பகவதியா இருக்கும்" என்றீர்கள். வடு உங்கள் வீட்டுக் கதையிலேயே கிடையாது, பதிவில் மட்டும்தான் இருக்கிறது, அது வேறொருத்தியின் வடுவாக இருக்கலாம் என்றீர்கள். மறுபடியும் பஸ் ஏறி அந்த அலுவலகத்துக்குப் போனீர்களாம். இத்தனை வருடம் பகவதியைக் கண்டுபிடிக்கத் தேடிய நீங்கள், கடைசியில் அவள் உங்களுடையவள் இல்லை என்று கண்டுபிடிக்கத் தேடினீர்கள். நான் இங்கே ரிசீவரைப் பிடித்துக்கொண்டு, ஆமாம் அக்கா, இருக்கலாம் அக்கா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வேறு பகவதி கிடைக்கவில்லை. கிடைக்க மாட்டாள் என்று உங்களுக்கும் தெரியும். அந்த எண்ணை ஒட்டி இருந்த ஒரே பகவதி இவள்தான், அவளுடைய வடுவைப் பற்றிக் காரணவர் தானாகவே கேட்டபோது காகிதம் பைக்குள்தான் இருந்தது.

பிறகு அழைப்புகள் குறைந்தன. உங்கள் குரலில் மூச்சு வாங்கியது. கடைசியாகப் பேசியபோது பகவதி பெயரே வரவில்லை. இங்கே மழையா என்று கேட்டு, அங்கே மழை என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். ஆசைப்பட்டு ஓய்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆசைப்பட்டதையே விட்டுவிட்டு ஒருவர் செத்துப்போவதை உங்களிடம்தான் பார்த்தேன்.

இப்போது எழுதுவதற்குக் காரணம் பொழியூர்க்காரி மட்டும் இல்லை, அக்கா. போன மாதம் வடக்கேவிளாகத்து மருமகன் பூத்துக்கு வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து, பெண்கள் எல்லோரும் போகும்வரை காத்திருந்தார். காரணவர் போய்ச் சேர்ந்துவிட்டாராம். நிலத்தை ஒருவர் கல்யாண மண்டபம் கட்ட விலை பேசியிருக்கிறார். ஆனால் வழக்கில் எதிர்க்கட்சியான கிளைக்காரர்கள், வெளிநாட்டிலிருந்து பகவதியின் பேத்தி வந்து போன கதையைக் கேள்விப்பட்டு, உங்களையும் வழக்கில் சேர்த்துவிட்டார்களாம். உங்கள் காரியம் முடிவாகாமல் பாகம் நடக்காது, விற்க முடியாது.

"பாகம் வேண்டாம்னு ஒரு ஒப்பு இட்டுத் தந்தா மதி" என்று கையெழுத்துக் கேட்டார். "அவியளுக்க அட்ரஸ் உண்டா?"

மரித்துவிட்டார்கள் என்றேன்.

அவர் முகத்தில் ஒரு தெளிச்சம் வந்தது, அக்கா. அதை மறைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. "மக்களு உண்டா?"

இல்லை என்றேன்.

"அப்ப பிரச்சனை இல்ல. மரிச்சதுக்கு ஒரு சர்ட்டிபிக்கட்டு வேணும். அதில்லாம கோர்ட்டு சம்மதிக்காது. நீங்க ஒண்ணு எழுதிக் கேட்டுத் தரணும், கேட்டியளா?"

கர்மம் செய்து கதவைச் சாத்தினால் போதும் என்று நூறு வருடம் இருந்த வீட்டுக்கு இப்போது சாவுக்குக் காகிதம் வேண்டியிருக்கிறது. சிரிப்பு வந்தது, சிரிக்க முடியவில்லை. அவர் கையிலிருந்த கோர்ட்டுக் காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். வடக்கேவிளாகம் குடும்பத்தார் என்று போட்டு வரிசையாகப் பெயர்கள். காரணவர், மருமகன், துபாய்க்காரன், எல்லோருக்கும் கீழே கடைசியாக உங்கள் பெயர். பகவதியின் மகளுடைய மகள், வெளிநாட்டில் வசிப்பவர் என்று எழுதியிருந்தது. தகப்பன் பெயர் கேட்கவில்லை. தாய் பெயரும் தாயைப் பெற்றவள் பெயரும் வீட்டுப் பெயரும்தான் இருந்தன. உள்ளே விடாத வீட்டின் ஆட்களோடு உங்களை ஒரே காகிதத்தில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். நீங்கள் அதைப் பார்க்கவில்லையே என்று அவர் முன்னாலேயே அழுதுவிட்டேன். அவர் வேறு விதமாக நினைத்துக்கொண்டு ஆறுதல் சொன்னார்.

உங்கள் கொழுந்தன் மகளுக்கு எழுதிக் கேட்கவே இல்லை நான். வாரம் ஒருமுறை அவர் வந்து விசாரிக்கிறார். தபால் வரவில்லை என்கிறேன். ரொம்ப நாள் இது ஓடாது, எனக்குத் தெரியும். பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, ஆள் வரவில்லை என்று காட்டி, உங்கள் பெயரை அடித்துவிடலாம் என்று அவருடைய வக்கீல் சொல்லியிருக்கிறாராம். கோர்ட்டின் அடுத்த தவணையிலோ அதற்கடுத்த தவணையிலோ அடித்துவிடுவார்கள். காவை வெட்டி, கிணற்றை மூடி, மண்டபம் எழும்பும். பகவதியின் கிளை அதோடு சரி. நான் இதில் ஒன்றையும் தடுக்கப்போவதில்லை, தடுக்க நான் யார்?

தவணைகளைத் தள்ளிக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான். அவர்கள் உங்கள் பெயரைக் கோடு போட்டு அடிக்கிற நாள் வரைக்கும் நீங்கள் சாகவில்லை, அக்கா. அதுவரை நீங்கள் அந்த வீட்டுப் பெண்.